மூன்றாவது வரி

“உலகத்துல எந்தச் சண்டையா இருந்தாலும் கொண்டாங்க. ரெண்டு வரி இங்கிலீஷ்ல அடக்கிக் காட்டுறேன். மூணாவது வரி கேட்டேன்னா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க.”

டயர் கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இந்தப் பிரகடனம் வெளியானது. கேட்டவர்கள் இருவர்: ஸ்டுடியோ முதலாளி, அடுத்த மேஜையில் ஒலியைச் சீர்செய்கிற பெண். அவர் மூன்றாவது வரி கேட்கும்வரை காத்திருக்கும் பொறுமை இருவருக்குமே இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் பெயரை மாற்றிவிட்டார்கள். முதலாளி வாயில் ‘ரெண்டு வரி சார்’ ஆனார், அந்தப் பெண் வாயில் ‘ரெண்டு வரி அண்ணா’ ஆனார். சில மாதங்களில் சம்பளக் கவரின் மேலேகூட அப்படியே எழுதி வந்தது. அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவர் செய்தது சப்டைட்டில் வேலை. டிவி தொடர்களில் நடிகர்கள் தமிழில் பேசுவதைத் திரையின் அடியில் இங்கிலீஷில் எழுதுவது. தொடர் என்றால் என்ன என்று தெரியாத புண்ணியவான்கள் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்வதென்றால், விளம்பரங்களுக்கு நடுவே ஒரு குடும்பம் தன் சண்டையை வருடக்கணக்கில் முடிக்காமல் வைத்திருப்பதற்குத்தான் தொடர் என்று பெயர். திரையில் மாமியார் மூச்சை இழுத்துப் பிடித்து மருமகளின் பரம்பரையை முன்னும் பின்னும் நான்கு தலைமுறைக்கு வறுத்தெடுப்பார். அடியில் இருப்பதோ இரண்டு வரிக்கான இடம். வரிக்கு நாற்பது எழுத்து. அதற்கு மேல் ஓர் எழுத்து போனாலும் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாக மாறி அவரைப் பார்த்து முறைக்கும்.

அவர் அதை ஒருபோதும் முறைக்க விட்டதில்லை. “நீ வெளங்குவியா, உன் குடும்பம் வெளங்குமா, என் வயிறு எரியிற மாதிரி உன் வீடு பத்தி எரிய” என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினால், நம்மவர் ஹெட்போனைச் சற்றே நகர்த்திக் காதைச் சொறிந்துவிட்டு ‘ஐ ஆம் டிஸப்பாயின்டட் இன் யூ’ என்று தட்டுவார். உன்னால் எனக்கு ஏமாற்றம். அவ்வளவுதான். வீடும் எரியாது, குடும்பமும் விளங்கிவிடும்.

முப்பது வருடங்களாக அடுத்தவர் சண்டையில் குளிர்காய்ந்தவருக்கு அதைப் பற்றி ஒரு தத்துவம் இல்லாமலா இருக்கும்? இருந்தது. டீ வேளையில் அதை ஒலிப்பெண்ணுக்குப் போதிப்பார். ‘டிஃபரன்ஸ்’ என்றால் டீ குடித்தால் தீர்ந்துவிடும். ‘ஆர்க்யுமென்ட்’ என்றால் இரண்டு பேருமே படித்தவர்கள். ‘டிஸ்அக்ரிமென்ட்’ என்றாலும் படித்தவர்கள்தான், ஆனால் பக்கத்தில் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார். ‘குவாரல்’ என்றால் கதவைச் சாத்தியாயிற்று. ‘டிஸ்ப்யூட்’ என்றால் வக்கீல் வந்தாயிற்று. ‘கான்ஃப்ளிக்ட்’ என்றால் விழுந்தவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ‘இஷ்யூ’ இருக்கிறதே, அது துணிப்பை. எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம், வெளியே தெரியாது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவர் பூஜித்த வார்த்தை ‘மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்’. அதில் குற்றவாளியே கிடையாது. அடித்தவனும் தப்பாகப் புரிந்துகொண்டான், அடி வாங்கினவனும் தப்பாகப் புரிந்துகொண்டான். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டு போகலாம்.

“அப்ப அடி விழுந்ததே, அது எங்க போச்சு, அண்ணா?” என்று அந்தப் பெண் ஒருநாள் கேட்டாள்.

“அது படத்துல தெரியும்மா. நமக்கு எழுத்து மட்டும்தான் வேலை” என்றார்.

அவர் வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, ஒரே மகள். மனைவிக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது. சமையலறையில் நின்றபடியே கூடத்தில் யார் எந்தக் காலைத் தூக்கிச் சோபாவில் வைத்தார்கள் என்று சொல்லிவிடுகிற ரகம். மகள் அப்பாவின் கம்ப்யூட்டருக்கு முன்னால் வளர்ந்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதிலேயே திரையைப் பார்த்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டாள்: “அந்த ஆன்ட்டி அவ்ளோ நேரம் திட்டினாங்க, நீங்க இத்தனூண்டுதான் போட்டிருக்கீங்க.”

“இங்கிலீஷ் சிக்கனமான பாஷைம்மா” என்றார் அப்பா. மகள் நம்பினாள். நம்பாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது யோசித்துப் பயனில்லை.

அந்த வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காக அம்மா பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருப்பாள். துண்டில் தொடங்கி, கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் தனக்குக் கிடைத்த மரியாதை வரைக்கும் போய்க்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேஜையில் அப்பாவும் மகளும் ஒழுங்காக உட்கார்ந்து கேட்பார்கள். அம்மா மூச்சு வாங்க நிறுத்தும்போது அப்பா இரண்டு விரலைத் தன் மோவாய்க்கு அடியில் படுக்கவைத்து, செய்தி வாசிப்பவரின் குரலில், “மதர் ஹாஸ் அன் இஷ்யூ வித் த டவல்” என்பார். மகள் மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரிப்பாள். அர்த்தம் புரியாவிட்டாலும் அந்த இரண்டு விரலைப் பார்த்து அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிடும். கரண்டியை ஓங்கிக்கொண்டே சிரிப்பாள். துண்டு கட்டிலிலேயே கிடக்கும்.

அப்படிச் சிரித்த பெண் வளர்ந்து, படித்து, விமானத்தில் போகிற தூரத்தில் ஒரு வேலைக்குப் போய், கூட வேலை செய்தவரையே கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. மாமனாருக்கு அதில் குறையே இல்லை. வராது வந்த விருந்தல்லவா அந்த இங்கிலீஷ். சத்தம் என்பதே அந்தத் தொண்டையில் கிடையாது. கல்யாணத்தை எந்த ஊரில் வைப்பது என்று இரண்டு வீட்டாரும் இழுத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை புன்னகையோடு ‘லெட் அஸ் அக்ரீ டு டிஸ்அக்ரீ’ என்றார். ஒத்துப்போகவில்லை என்பதில் ஒத்துப்போவோம். கல்யாணம் அவர் சொன்ன ஊரில்தான் நடந்தது. ஆனாலும் நம்மவர் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் ஸ்டுடியோவில் வெற்றிலை போல மென்றுகொண்டிருந்தார். “முப்பது எழுத்துகூட வராது பாருங்க” என்று முதலாளியிடம் சொன்னார். “எப்பேர்ப்பட்ட மனுஷன்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ கால். மாமியார் தமிழில் பேசுவார், மாப்பிள்ளை இங்கிலீஷில் பேசுவார், நடுவே ரெண்டு வரி. இரண்டு பக்கமும் அவருடைய சேவையில் பரம திருப்தி. மாமியார் சாதுவானவர், குறைவாகப் பேசுகிறவர் என்று மாப்பிள்ளை நினைத்தார். அதைக் கேட்டிருந்தால் அக்கம்பக்கத்தில் நான்கு வீடு சிரித்திருக்கும்.

முதலில் கவனித்தது மனைவிதான்.

“ஏங்க, அவ எப்பப் பேசினாலும் பின்னாடி அந்தத் துணி துவைக்கிற மிஷின் தெரியுதே. ஏன் அங்க உக்காந்தே பேசறா?”

“அங்கதான் சிக்னல் நல்லா கிடைக்குதாம்.”

“மிஷின் மேல தலகாணி இருக்குங்க.”

“துவைக்கப் போட்டிருப்பா.”

“தலகாணிய உறையோடயா துவைப்பாங்க? உறையோட இருக்கு. போர்வை மடிச்சு வச்சிருக்கு. போன வாரமும் இருந்துச்சு, அதுக்கு முந்தின வாரமும் இருந்துச்சு. நீங்க எல்லாத்தையும் காதாலயே பாக்குறீங்க.”

அவர் அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய்விட்டார்.

அவர் வேலையில் இருந்த ஒரு மத்தியானம் மகள் அம்மாவைத் தனியே போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மாப்பிள்ளை அடிப்பதில்லை. கத்துவதில்லை. அவள் ஏதாவது ஒன்றில் மாற்றுச் சொன்னால், ஒரு திரைச்சீலையின் நிறத்தில் ஆனாலும் சரி, அவர் புன்னகையோடு ‘ஐ நீட் ஸ்பேஸ்’ என்பார். எனக்கு இடம் வேண்டும். அந்த இடம் மொத்த வீடு. அவளுக்கு மிஞ்சுவது துணி துவைக்கிற அறை. அங்கே தரையில் படுக்க வேண்டும். தப்பை ஒத்துக்கொள்ளும்வரை அவளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். மேஜையில் அவளுக்குத் தட்டு வைக்க மாட்டார். அவள் கதவருகில் நின்றால் அங்கே கதவு மட்டும் இருப்பதுபோல் பார்ப்பார். ஒருமுறை ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆனது. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் சிரித்துப் பேசிவிட்டு, கார் கதவைச் சாத்தியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். “நான் சொன்னா அவரு காதுல ஏறலம்மா. நீங்க சொல்லுங்க” என்று கேட்டாள். வாழப்போன வீட்டில் இருக்கவும் முடியாமல், வெளியே வரவும் துணிச்சல் வராமல், அம்மாவின் வாயை ஒருமுறை கடனாகக் கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மாப்பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசினாள். கத்தவில்லை. துண்டுக்குக் கத்துகிறவள் இதற்குக் கத்தவில்லை என்பதை அவளுடைய புருஷனாவது கவனித்திருக்கலாம்.

“தம்பி, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, கண்ணு தெரியும். என் பொண்ணு எதிர்த்து ஒரு வார்த்தை பேசினா அவளைக் கொண்டுபோய்த் துணி துவைக்கிற ரூம்ல படுக்க வைக்கிறீங்க. வாரக்கணக்கா முகம் குடுத்துப் பேசறதில்ல. அதுக்கு ஸ்பேஸ்னு பேரு வேற வச்சிருக்கீங்க. அவ என்ன மிஷினா, வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணி ஓரமா வைக்க? கடைசியா அவ வாய் விட்டுச் சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னு எனக்கே மறந்துபோச்சு. இது தப்பு. உங்களால அவளை மனுஷியா வச்சுக்க முடியலன்னா சொல்லுங்க, நாளைக்கே வந்து கூட்டிட்டு வந்துடறேன்.”

சொல்லி முடித்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். மகளும் அவரைப் பார்த்தாள். மாப்பிள்ளையும், தலையை ஒரு பக்கம் சாய்த்து, மரியாதையோடு காத்திருந்தார்.

மூன்று ஜோடிக் கண்களுக்கு முன்னால் ரெண்டு வரி மாட்டிக்கொண்டார். இதை அப்படியே சொன்னால் ஒரு குடும்பம் இப்போதே, இந்த நாற்காலியில் வைத்தே, உடைந்துவிடும் என்று தோன்றியது. வாய் தானாகவே வேலைக்குப் போய்விட்டது. அவளுடைய அம்மாவுக்குச் சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங் ஒன்று இருப்பதாகப் படுகிறது. இருவரும் கொஞ்சம் அனுசரித்துப் போகும்படி கேட்டுக்கொள்கிறார். அளந்தால் இரண்டு வரிதான். சிவப்பு விழுந்திருக்காது.

மாப்பிள்ளை முகம் மலர்ந்தது. அம்மா சொன்னது அத்தனையையும் தான் முழுமனதோடு ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

“என்னங்க சொல்றாரு?”

“ஒத்துக்கிட்டாரு.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் தொழிலில் அதுதான் உச்சம்.

மனைவி விடவில்லை. “நான் அவ்ளோ நேரம் பேசினேன். நீங்க ஒரு மூச்சுல முடிச்சிட்டீங்க?”

“இங்கிலீஷ் சிக்கனமான பாஷை” என்றார்.

அப்போது திரையில் மகள் குனிந்து முன்னால் வந்தாள். இரண்டு பாஷையும் தெரிந்தவள் அந்த நால்வரில் அவரைத் தவிர அவள் ஒருத்திதான்.

“அப்பா. அம்மா சொன்னதைச் சொல்லுங்க.”

“சொல்லிட்டேனேம்மா.”

“அம்மா சொன்னதை.”

அவர் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தார். கை என்ன நினைத்ததோ, பழக்கதோஷத்தில் இரண்டு விரல் மோவாய்க்கு அடியில் போய்ப் படுத்தது. மகள் அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். திரை அணைந்தது.

“நல்லபடியா முடிஞ்சுது” என்று அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனார்.

அந்த இரண்டு வரி அதன்பிறகு என்ன வேலை பார்த்தது என்பது அவருக்கு நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு முறை அந்த அறைக் கதவைக் காட்டும்போதும் மாப்பிள்ளை புன்னகையோடு அதைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறார்: உன் அம்மாவே உன்னை அனுசரித்துப் போகச் சொன்னார், நினைவிருக்கிறதா? ரெண்டு வரி எழுதியதிலேயே அதிக முறை ஒளிபரப்பானது அதுதான். ஒருநாள் காலையில் மகள் அலுவலகத்துக்குக் கிளம்பியவள், கைப்பையோடு சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து அம்மாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லும்போது இதையும் சொன்னாள்.

அன்று அவர் வேலையிலிருந்து திரும்பியபோது மனைவி கூடத்தில் கம்ப்யூட்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“நான் அவளை அனுசரிச்சுப் போகச் சொன்னேனாமே” என்றாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிக்கொண்டே இருந்தார்.

“நான் கூட்டிட்டு வந்துடறேன்னு சொன்னேன். அதை எங்க வச்சிருக்கீங்க?”

பயமாக இருந்தது, வீடு உடைந்துவிடும் என்று நினைத்தேன் என்று அவர் ஏதேதோ சொன்னார். சண்டை போட்டிருந்தால் அவருக்கு வார்த்தை கிடைத்திருக்கும். அவள் எழுந்து போய்ச் சோற்றை வடித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் துண்டு கட்டிலில் கிடந்தாலும் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரே எடுத்துக் காயப்போட்டார்.

மகள் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவர் வேலைக்குப் போகிற நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிடுவாள். தப்பித்தவறி அவர் எடுத்துவிட்டால், “அம்மா இருக்காங்களா?” என்பாள். கோபம் எதுவும் குரலில் இருக்காது. கடைக்குப் போன் போட்டு அரிசி இருக்கிறதா என்று கேட்பதுபோல் இருக்கும். அவர் ‘இரும்மா’ என்று சொல்லிவிட்டுப் போனை மனைவியிடம் கொடுப்பார். கொடுப்பதற்குள் ஏதாவது ஒரு வார்த்தை கூடுதலாக விழாதா என்று நான்கு அடி தூரத்தை மெதுவாக நடப்பார்.

ஸ்டுடியோவில் வேலை தேங்கியது. ஒரு தொடரில் மகள் அப்பாவைப் பார்த்து, “எங்கிட்டப் பேசாதீங்க” என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போகிற காட்சி. அந்த இரண்டு வார்த்தைக்கு அவர் ஒரு முழு மத்தியானம் எடுத்துக்கொண்டார். ‘ஷீ இஸ் அப்செட்’ என்று தட்டினார், அழித்தார். ‘நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்’, பேச்சுவார்த்தை இல்லை என்று தட்டினார், அழித்தார். கடைசியில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டார்.

“அண்ணா, இந்த இடத்துல சப்டைட்டில் விட்டுப்போச்சு” என்றாள் ஒலிப்பெண்.

“படத்துலயே தெரியுதும்மா” என்றார். அன்று டீ வேளையில் போதனையும் நடக்கவில்லை.

பிரிவதென்று ஆனதும் அந்த ஊர் வழக்கப்படி இருவரையும் சமரச மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நடுவர் அம்மாள். எல்லாம் சுமுகமாகவே போனது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. பிரிவுக்குக் காரணம் என்ற இடத்தில் மாப்பிள்ளை தரப்பு ‘மியூச்சுவல் டிஸ்அக்ரிமென்ட்’ என்று எழுதியிருந்தது. பரஸ்பரக் கருத்து வேறுபாடு. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள், யாருக்கும் பாதகமில்லாத வார்த்தை, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். மகள் போட மாட்டேன் என்றாள். வேறொன்றும் வேண்டாம், வீடு வேண்டாம், கார் வேண்டாம். அந்த வார்த்தை மட்டும் இருக்கக் கூடாது. நான் அவரோடு கருத்து வேறுபட்டதற்காகத் தரையில் படுத்தேன், அதற்குப் பெயர் கருத்து வேறுபாடு இல்லை என்றாள். அப்படியானால் நேரில் பார்த்தவர் யாராவது உண்டா என்று நடுவர் கேட்டார். நேரில் பார்த்தவர் யாருமில்லை. தலையணையைப் பார்த்தவள் ஒருத்தி இருந்தாள்.

மகள் அம்மாவிடம் போனில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. “மொழிபெயர்ப்புக்கு அந்த மையத்துலயே ஒருத்தங்க இருக்காங்கம்மா. அப்பா வேண்டாம்.”

குறித்த நாளில், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவி இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் இணைப்பைச் சரிசெய்து, சத்தம் கேட்கிறதா என்று பார்த்து, நாற்காலியின் உயரத்தைத் தாழ்த்திக் கொடுத்துவிட்டு, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனார். முப்பது வருடச் சப்டைட்டில் மேதை, தன் வீட்டுச் சண்டைக்கு வேறொருவர் சப்டைட்டில் போடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்கலானார்.

மனைவி பேசினாள். அன்று சொன்னதையேதான் சொன்னாள். மிஷின், தலையணை, மடித்த போர்வை, தட்டு வைக்காத மேஜை. ஆனால் இந்த முறை நடுவில் இரண்டு இடத்தில் குரல் நின்றுவிட்டு, பிறகு தானே கிளம்பியது. முடித்தாள்.

மொழிபெயர்ப்பாளர் ஓர் இளம்பெண். கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல் சுத்தமான குரல். மகளுடைய தங்கும் வசதி குறித்துத் தாய்க்குக் கவலை இருந்தது என்றும், தம்பதிக்குள் பேச்சுத்தொடர்பு குறைந்திருந்ததாக அவர் உணர்ந்தார் என்றும் சொன்னாள்.

சமையலறையில் அவர் மனதுக்குள் எழுத்தை எண்ணினார். கச்சிதம். கொஞ்சம் தட்டினால் இரண்டு வரியில் சிக்கென்று உட்காரும். ஒரு பிசிறு கிடையாது. தானே எழுதியிருந்தாலும் இதைவிட ஒழுங்காக வந்திருக்காது. தங்கும் வசதி. அடேயப்பா, என்ன வார்த்தை.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் அடுப்பை அணைத்தார். கையைத் துடைத்தார். துடைத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் கூடத்துக்கு வந்து மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் நான்கு கட்டம். ஒரு கட்டத்தில் மகள், கன்னம் வற்றியிருந்தது. அவர் அவளை முகத்துக்கு முகம் பார்த்து ஏழெட்டு மாதம் இருக்கும்.

மன்னிக்க வேண்டும், என் மனைவி அப்படிச் சொல்லவில்லை என்றார் இங்கிலீஷில்.

நடுவர் யார் நீங்கள் என்று கேட்டார். இந்தப் பெண்ணின் தகப்பன் என்றார். தொழில் மொழிபெயர்ப்பு என்றார். மொழிபெயர்ப்பாளரின் முகம் சிவந்தது; தான் சாரத்தைச் சொன்னதாக அவள் விளக்கினாள். அது எனக்குத் தெரியும் அம்மா, நன்றாகவே சொன்னீர்கள் என்று அவளிடம் மரியாதையாகவே சொன்னார்.

மாப்பிள்ளை முந்திக்கொண்டார். அங்கிளே மொழிபெயர்க்கட்டும், தனக்கு ஆட்சேபனை இல்லை, அங்கிள் எப்போதும் நியாயமாகப் பேசுகிறவர் என்றார். அந்தச் சான்றிதழ் ரெண்டு வரியின் காதில் கொதிக்கிற டீயாக விழுந்தது.

நடுவர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் தமிழில் கேட்டாள். “நீங்க என்னம்மா சொல்றீங்க?”

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. “பேசட்டும்” என்றாள். “நான் நீளத்தைப் பாத்துக்கறேன்.”

முதலிலிருந்து தொடங்கினார்கள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள், நிறுத்துவாள், அவர் சொல்வார். தலையணைக்கு உறை இருந்தது என்றாள். அவர் உறையோடு சொன்னார். ஸ்பேஸ் என்ற வார்த்தை வந்ததும், இந்த வார்த்தையை என் மனைவி இங்கிலீஷிலேயே சொன்னாள், அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகளில் இதைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் என்று மாப்பிள்ளையைப் பார்த்து, வேறெதுவும் சேர்க்காமல் நிறுத்தினார். ‘என் பொண்ணு என்ன மிஷினா’ என்றதைச் சொல்லும்போது அவர் பாதியில் விட்டு மறுபடி தொடங்கினார். மனைவி காத்திருந்தாள். சில வார்த்தைகளுக்கு இங்கிலீஷில் ஆள் இல்லை. அவற்றைச் சுற்றி நடந்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று நான்கு வார்த்தைகளை நிறுத்தி, நடுவில் இருப்பது இதுதான் என்று காட்டினார். அவள் பேசியதைவிட அவர் பேசியது நீளமாகிக்கொண்டே போனது.

பிறகு அவள் சொன்னாள்: “இதையெல்லாம் நான் அன்னிக்கே சொன்னேன். என் வீட்டுக்காரர் சொல்லல. சின்ன மிஸ்அண்டர்ஸ்டாண்டிங்னு சொல்லிட்டாரு. அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்கு எம் பொண்ணு இன்னும் நாலு மாசம் தரையில படுத்தா.”

திரையில் மகள் முதன்முறையாக நேரே அவரைப் பார்த்தாள்.

இதை என் மனைவி அன்றே சொன்னாள் என்றார் அவர். அவளுடைய கணவர் சொல்லவில்லை. அந்தக் கணவருக்குப் பயம். கொஞ்சம் நிறுத்தி, அந்தக் கணவர் நான்தான் என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பயத்தினால் என் மகள் மேலும் நான்கு மாதம் தரையில் படுத்தாள்.

மாப்பிள்ளையின் புன்னகை முகத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. எடுத்து வைக்க மறந்துபோன பாத்திரம்போல. மகள் கண்ணைத் துடைக்கவில்லை. கையில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றினாள், மாட்டினாள்.

நடுவர் அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வழக்குக்காரர்கள் வெளியே காத்திருந்தார்கள். மிகவும் கருணையான குரலில், இதுவரை சொன்னதையும் இனி சொல்லப்போவதையும் சேர்த்துச் சுருக்கமாகத் தர முடியுமா, பதிவுக்கு இரண்டு வரி இருந்தால் போதும் என்று கேட்டார்.

“நோ, மேடம்” என்றார் ரெண்டு வரி. “முடியாதுங்க” என்று தமிழிலும் சொன்னார், யாருக்கென்று தெரியாமல்.

பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு மனைவிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டார்.

“ம், அப்புறம்? நீ சொல்லு. மெதுவாவே சொல்லு.”